இரைச்சல் விலகும்போது

ராக்ஸ்பர்க் தீவுக் கலங்கரை விளக்கம்,
டாஸ்மேனியா
7 மார்ச் 1954

கார்னெட் அண்ணாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையை அடுப்பில் போடாமல் இதுவரை படித்திருந்தால் நன்றி. பதினான்கு வருடமும் சில மாதங்களும் ஆகிவிட்டன. நான் கணக்குப் பார்ப்பதில்லை, ஹெக்டர்தான் சொன்னார்.

என் கணவர் ஹெக்டர் இங்கே தலைமை விளக்குக்காரர். நாங்கள் மூன்று குடும்பம். கடல் அனுமதித்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படகு வரும். பனிமூட்டம் இறங்கினால் விளக்கின் கற்றை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், தீவு எங்கே முடிகிறது என்றே தெரியாது. அலுவலக அறையில் ரேடியோ இருக்கிறது. தினம் மூன்று வேளை வானிலை சொல்ல மட்டும். மனைவிமார் அதைத் தொடக்கூடாது.

போன வருடம் விடுப்பில் ஹோபார்ட் போனபோது அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதினேன். என் பாதி வயதுகூட ஆகாதவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து. மோர்ஸ் எனக்குச் சிரமமில்லை, பென்ரோஸ் தபாலாபீசில் நான் தட்டாத தந்தியா. லைசென்ஸ் வந்துவிட்டது. கேட்க ஒரு பழைய ரேடியோ இருக்கிறது, பேசக் கருவிதான் இல்லை. ஹோபார்ட்டில் வாங்கிய புத்தகம் ஒன்பது கண்ணாடி வால்வு கேட்கிறது, வீட்டு மின்சாரம் கேட்கிறது. இங்கே இருப்பது இன்ஜின் வைத்து ஏற்றும் பேட்டரிகள். உன் தலையில் இதற்கு வேறு வழி இருக்கும் என்று தெரியும். ஒரு வரைபடம் போட்டு அனுப்புவாயா?

இன்னொன்றும் கேட்கிறேன், மறைக்காமல். நான் பேசினால் நீ கேட்க வேண்டும். ஒருநாள் பதில் பேச வேண்டும். நீ சொன்னவை எல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன. எந்தக் குரலில் சொன்னாய் என்பது மறந்துகொண்டே வருகிறது.

தங்கை,
மொர்வெனா


பென்ரோஸ், யார்க் தீபகற்பம்,
தென் ஆஸ்திரேலியா
2 ஏப்ரல் 1954

திருமதி கில்பி அவர்களுக்கு,

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இத்துடன் உள்ள நான்கு தாள்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில், முடியாது.

தாள்களை நீங்கள் கேட்டதற்காக அனுப்பவில்லை. அந்தப் புத்தகத்தின் வரைபடம் கெட்டது என்பதற்காக அனுப்புகிறேன். ஒன்பது வால்வில் ஆறு, எழுதியவருடைய பெருமைக்கு.

மூன்று போதும். மூன்றும் ஒரே ரகம், வீட்டு ரேடியோவில் ஒலிபெருக்கிக்கு முன்னால் கடைசியாக இருக்குமே, அதே வால்வு. முதலாவது கிரிஸ்டலைத் துடிக்க வைத்து அலையை உண்டாக்கும். இரண்டாவது அதைப் பெரிதாக்கி ஏரியலுக்குத் தள்ளும். மூன்றாவது உங்கள் குரலை அந்த அலைமேல் ஏற்றும். ஏன் ஒரே ரகம் என்றால், இரண்டு வாரத்துக்கு ஒரு படகு வரும் இடத்தில் எந்த வால்வு செத்தாலும் ஒரே ஒரு உபரி வால்வு கையில் இருந்தால் வேலை நடக்க வேண்டும். புத்தகம் எழுதியவர் தீவில் இருந்திருக்க மாட்டார்.

முந்நூறு வோல்ட்டுக்கு, போர் உபரிக் கடையில் பேட்டரியில் சுழலும் சிறிய டைனமோ கிடைக்கும். அதன் சிணுங்கல் குரலில் ஏறாமலிருக்க நான் காட்டியிருக்கும் வடிகட்டியை விட்டுவிடாதீர்கள். இரண்டாவது வால்வுக்குப் போகும் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சற்றுக் குறைத்துக் கொடுத்திருக்கிறேன். தேவையில்லை என்று தோன்றும், தேவை. அது இல்லாவிட்டால் குரல் முழுதாக ஏறாது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஏரியலில் இணைக்கும் முன் அந்த இடத்தில் காரின் பின்விளக்கு பல்பு ஒன்றை மாட்டிப் பேசிப் பாருங்கள். பேசும்போது பல்பு கூடுதலாக ஒளிர வேண்டும்.

என் லைசென்ஸ் 1939-இல் போர் தொடங்கியதும் போனது. எல்லாருக்கும்தான் போனது. போர் முடிந்து எல்லாரும் திரும்ப வாங்கினார்கள். நான் வாங்கவில்லை. பறித்துப்போன என் இரண்டு ரேடியோ செட்டுகளையும் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி 1946-இல் தபால் துறை கடிதம் எழுதியது. தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள். கொண்டுவந்து இருந்த பெஞ்சிலேயே வைக்கட்டும். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டேன். அதில் இரண்டாவது செட் எப்படி அவர்கள் கைக்குப் போனது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ரேடியோ கேட்கும் பெட்டி என்னிடம் இருக்கிறது. அதை வைத்து நான் என்ன செய்கிறேன் என்பது என் சொந்த விஷயம்.

கா. ட்ரெனெரி


ராக்ஸ்பர்க் தீவு
9 மே 1954

அண்ணா,

உன் நான்கு தாள்களையும் ஹெக்டருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது: "ரெசிஸ்டரைப் பத்தி எழுதும்போதே இந்தத் திட்டு திட்டுறாரே உங்க அண்ணன், நம்மளப் பத்தி எழுதினா தாள் தாங்குமா?"

மூன்று வால்வும் உபரி ஒன்றும் வந்துவிட்டன. வால்வுகளை நிறுத்தும் சேஸிக்குத் தகடு இல்லை. குங்குமப்பூ கேக் சுடும் என் சதுரத் தட்டைக் கவிழ்த்து வைத்து, ஹெக்டர் வால்வுக்கு மூன்று வட்டத் துளை போட்டுக் கொடுத்தார். இனி கேக் கிடையாது என்று இரண்டு நாள் துக்கத்தில் இருந்தார். காயில் கம்பியை மாத்திரைப் புட்டியில் சுற்றினேன். நீ பதினெட்டுச் சுற்று எழுதியிருந்தாய், புட்டி கொஞ்சம் பெரிது என்பதால் பதினாறோடு நிறுத்தினேன். திட்டாதே.

நேற்று மதியம் முதன்முதலாக மின்சாரம் கொடுத்தேன். வெளியே பனிமூட்டம். ஜன்னலில் வெள்ளையைத் தவிர எதுவுமில்லை. மூன்று வால்வும் மெல்லச் சிவந்தன, பல்பு எரிந்தது, ஒரு மெழுகுவத்தியின் பாதி வெளிச்சம். கார்னெட் அண்ணா என்று மைக்கில் சொன்னேன். பல்பு மங்கியது. மறுபடி சொன்னேன், மறுபடி மங்கியது. கூடவேண்டும் என்றல்லவா எழுதியிருக்கிறாய். உன் பேரைச் சொன்னதும் வெளிச்சம் குறைகிறதே என்று கொஞ்ச நேரம் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

கிரிஸ்டல் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் கிடைத்தது 7,100 கிலோசைக்கிள். அந்த இடத்தில் ஹோபார்ட்காரர்கள் ஞாயிறு முழுக்கக் கூட்டம் போடுகிறார்கள். என் ஐந்து வாட் அவர்களுக்கு நடுவில் எங்கே எடுபடும்? அதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னால் நகர்த்த முடியுமா?

மொர்வெனா


பென்ரோஸ்
6 ஜூன் 1954

மொர்வெனாவுக்கு,

பல்பு மங்குவதற்கு என் பெயர் காரணமல்ல. முதல் வால்வு இரண்டாவதைப் போதுமான அளவு தள்ளவில்லை. குரல் ஏறும்போது மேலே போகத் தெம்பில்லாமல் கீழே விழுகிறது. பதினாறு சுற்று என்பது தப்பில்லை. புட்டி பெரிதென்றால் அதுதான் சரி. சுற்றுகளின் நடுவில் எடுக்கும் கம்பியை இன்னும் இரண்டு சுற்று மேலே தள்ளிப் பற்றவை.

கிரிஸ்டலை நகர்த்திவிட்டேன். எப்படி என்று கேட்பாய். குவார்ட்ஸ் சில்லு மெலிந்தால் வேகமாகத் துடிக்கும். ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றில் இன்ஜின் வால்வு தேய்க்கும் பசையைத் தடவி, சில்லை ஒரு விரலால் மட்டும் அழுத்தி, எட்டு என்ற எண் வடிவில் தேய்க்க வேண்டும். முப்பது தேய்ப்பு, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, துடிக்கவைத்து அளவு பார்க்க வேண்டும். மறுபடி முப்பது. நான்கு நாள் மாலை ஆனது. கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் பென்சில் கரியைத் தடவிச் சிறிது கீழே இறக்கலாம் என்பார்கள். நான் கூடுதலாகத் தேய்ப்பவனல்ல.

இப்போது அது 7,140. அமெச்சூர்களுக்கு ஒதுக்கிய பட்டையின் மேல் எல்லை 7,150 என்பதால் அந்த மூலைக்கு யாரும் வருவதில்லை. அமைதியாக இருக்கும். என் ரேடியோவின் டயலில் மூன்று முறை பார்த்தேன். அந்த டயல் 1936-இல் நானே இந்திய மையில் எழுதியது. தவறாது.

புகையிலை டப்பாவில் பஞ்சு வைத்து அனுப்புகிறேன். கீழே போடாதே.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு மணிக்கு நான் பொதுவாக வீட்டில்தான் இருப்பேன். உங்கள் ஊரில் அப்போது நாலரை.

கார்னெட்


ராக்ஸ்பர்க் தீவு
18 ஜூலை 1954

அண்ணா,

கம்பியை இரண்டு சுற்று தள்ளினேன். மைக்கில் உன் பேரைச் சொன்னேன். பல்பு பளிச்சென்று எழுந்து, நான் நிறுத்தியதும் பழையபடி தணிந்தது. ஹெக்டர் பக்கத்து வீட்டு டுல்சியையும் அவள் புருஷனையும் கூட்டிவந்து காட்டினார். ஆளுக்கொரு வார்த்தை சொல்லிப் பல்பை ஏற்றிப் பார்த்தார்கள். டுல்சிக்குக் கரையிலிருந்து படகைக் கூப்பிடும் குரல், பல்பு செத்தே போகும் என்று பயந்துவிட்டேன்.

மூன்று ஞாயிறாகப் பேசுகிறேன். யாராவது இருக்கிறீர்களா என்று மூன்று முறை அழைத்து, நம் அழைப்புக் குறியைச் சொல்லி, பிறகு காது கொடுப்பதுதானே முறை. அந்த மூலையில் யாரும் இல்லை. அதனால் ஜன்னலில் தெரிவதைச் சொல்கிறேன். மேற்கே கடல் பாலின் நிறத்தில் இருக்கிறது, கரையில் இரண்டு கடல்நாய்கள் ஒன்றின்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்குகின்றன, ஹெக்டர் விளக்கு ஏற்ற மேலே போகிறார், அவர் படி ஏறும் சத்தம் உனக்குக் கேட்கிறதா, நூற்றி எட்டுப் படி. இப்படி. பேசப் பேச வெளியே பொழுது சாய்ந்து, ஜன்னல் கண்ணாடியில் என் முகமும் பின்னால் மூன்று வால்வின் சிவப்பும் தெரியத் தொடங்கும். குரல் என்னைவிட்டுப் போய்க்கொண்டே இருப்பதுபோல் இருக்கிறது. எங்கே போகிறது என்று தெரியவில்லை. எங்காவது போய் உட்காருகிறதா?

கேட்டாயா? அதை மட்டும் சொல். வேறொன்றும் வேண்டாம்.

மொர்வெனா


பென்ரோஸ்
8 ஆகஸ்ட் 1954

மொர்வெனாவுக்கு,

கேட்டேன். ஜூலை 4, 11, 18, 25, ஆகஸ்ட் 1. ஐந்து வாரமும்.

அறிக்கை: சொல் முழுதும் தெளிவு. வலிமை நடுத்தரம், நாலேகாலுக்கு மேல் கூடுகிறது. டைனமோவின் சிணுங்கல் லேசாக இருக்கிறது. நான் காட்டிய வடிகட்டியில் ஒரு கண்டென்சரை விட்டிருக்கிறாய். விட்டிருக்கிறாய், தெரியும்.

நான் இதைத் தீவன அறையில் உட்கார்ந்துதான் கேட்கிறேன். பார்லி விதைத்து முழங்கால் உயரம் வந்திருக்கிறது, காற்றில் ஒருபக்கமாகப் படுத்து எழுகிறது. நாலு மணிக்கு முன்னால் காதில் வெறும் இரைச்சல், எங்கோ தூரத்துத் தகரக் கூரையில் மழை பெய்வதுபோல். பிறகு இரைச்சல் விலகுகிறது. யாரோ கதவைத் திறந்து உள்ளே வந்து நின்றதுபோல. அது உன் அலை. குரல் இன்னும் ஏறவில்லை, வெறும் அலை வந்து இடத்தைப் பிடித்து நிற்கிறது. நீ மூச்சு இழுப்பது கேட்கிறது. அப்புறம்தான் பேசுகிறாய். இதுவரை எழுதிய எந்தப் புத்தகத்திலும் அந்த இரண்டு நொடியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

ஹெக்டரின் படிச் சத்தம் கேட்டது. நான் எண்ணினேன். நூற்றி ஏழுதான்.

பதில் பேசுவது பற்றி ஏப்ரலில் எழுதியதில் மாற்றமில்லை.

கார்னெட்


ராக்ஸ்பர்க் தீவு
5 செப்டம்பர் 1954

அண்ணா,

கண்டென்சரை வைத்துவிட்டேன். நூற்றி ஏழா நூற்றி எட்டா என்று ஹெக்டர் இரண்டு தடவை ஏறி இறங்கினார். கடைசிப் படி கல் இல்லை, இரும்பு, அது சத்தம் போடாதாம். "உங்க அண்ணனுக்கு அங்கிருந்தே தெரியுதே" என்று அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் இந்தப் படகில் வேறொரு கடிதமும் வந்திருக்கிறது, துறையிலிருந்து. ஆகஸ்ட் மாதம் மூன்று ஞாயிறுகளில் என் நிலையம் 7,157 கிலோசைக்கிளில் பேசியதாகப் பதிவாகியிருக்கிறது. பட்டைக்கு ஏழு வெளியே. அக்டோபர் 15-க்குள் தகுந்த விளக்கம் தரவில்லை என்றால் லைசென்ஸ் ரத்து. ரத்தானால் மறுபடி கேட்க மூன்று வருடம். எனக்கு அப்போது அறுபத்தொன்று, உனக்கு எழுபத்தொன்று. செட்டை நிறுத்திவிட்டேன். அந்தக் கிரிஸ்டலை மறுபடி பார்க்க முடியுமா, உன் டயல் கொஞ்சம் தள்ளிக் காட்டியிருக்குமா?

கேட்டாகிவிட்டது, இதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடமாகச் சொல்லவில்லை.

அவர்கள் ஒரு செட்டை எடுத்துப்போன பிறகு நீ இன்னொன்றைத் தீவனக் கொட்டகையில் ஒளித்துவைத்தாய். அதன் ஏரியலை அடுத்த வீட்டு நோஸ்கேயின் வேலி ஓரமாக இழுத்திருந்தாய். கான்ஸ்டபிள் பிரே அந்தக் கம்பியைப் பார்த்தார், அது நோஸ்கேயின் பக்கம் இருந்தது. ஜெர்மன் பேர், வீட்டில் ஜெர்மன் பேச்சு, வேலியில் ரகசியக் கம்பி. வியாழக்கிழமை நோஸ்கேயைக் கைது செய்து அடிலெய்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தார்கள். தந்தி என் கை வழியாகத்தான் போனது. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேஜையில் உன்னிடம் சொன்னேன், நோஸ்கேயைப் பிடிக்கப் போகிறார்கள் என்று. நீ இறைச்சி பொதிந்த பாஸ்டியை வெட்டிக்கொண்டே, "தேடட்டும்" என்று சொன்னாய். புதன்கிழமை நான் பிரேயிடம் போய்க் கம்பி யாருடையது என்று சொன்னேன்.

தப்பு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. வலிக்கிறது, அவ்வளவுதான்.

மொர்வெனா


பென்ரோஸ்
19 செப்டம்பர் 1954

மொர்வெனாவுக்கு,

டயல் சரி. கேக் தட்டில் சேஸி செய்தால் அலை இழுபடும். மாத்திரைப் புட்டியில் காயில் சுற்றினாலும் இழுபடும். உன் பக்கத்தைப் பார்.

நோஸ்கே பற்றி. செவ்வாய்க்கிழமை நீ சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தால் நான் என் காலால் நடந்து பிரேயிடம் போயிருப்பேன். அடுத்த வீட்டுக்காரனைப் பிடித்துக்கொடுத்துத் தப்பிப்பவன் என்று என்னை நினைத்துவிட்டாய். செட் போனதற்காக நான் பதினைந்து வருடம் பேசாமல் இருக்கவில்லை. என்னிடம் வராமல் அவரிடம் போனாயே, அதற்காக.

கார்னெட்


பென்ரோஸ்
3 அக்டோபர் 1954

வென்னாவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

போன கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, உன் பக்கம்தான் தப்பு என்று காட்ட ஒரு சோதனை செய்தேன். தன் அலைவரிசையைத் தானே சொல்லும் வெளிநாட்டு நிலையம் ஒன்று இருக்கிறது. 7,200 என்று அறிவிப்பாளர் சொன்னார். என் டயலில் அவர் 7,183-இல் இருந்தார். அவர் தப்பு என்று முதல் நாள் நினைத்தேன். மறுநாளும் அதே. முள்ளைக் கழற்றி டயலைப் பார்த்தேன். நான் எழுதியது மரப்பலகையில் ஒட்டிய காகிதம். பதினெட்டு கோடைக்காலத்தில் காகிதம் நகக்கண் அளவு சுருங்கிவிட்டது, ஓரத்தில் பசை விட்ட கோடு தெரிகிறது. எழுத்து அப்படியே இருக்கிறது. பதினேழு கிலோசைக்கிள். நான் 7,140 என்று அனுப்பியது 7,157.

கேக் தட்டில் குறையில்லை. புட்டியிலும் குறையில்லை.

இதைத் துறைக்குக் கடிதமாக எழுத மூன்று நாள் உட்கார்ந்தேன். கடிதம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அடிலெய்டு போனேன். டயலையும் பலகையோடு கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் கடிகாரமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அங்கே இன்ஸ்பெக்டர் கால்டர் என்பவர். பார்க்க எனக்கு மகன் வயது. என் தங்கைமேல் தப்பில்லை, கிரிஸ்டலைத் தேய்த்தது நான், அளந்தது நான் என்று சொல்லி, பலகையை மேஜையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷத்துல ஒரு தடவைகூடச் சரிபார்க்கலையா, மிஸ்டர் ட்ரெனெரி?"

"உங்க கைக்கடிகாரத்தை நீங்க சரிபார்ப்பீங்களா?"

"தினம் காலைல. ரேடியோ மணியடிக்கும்போது."

அவர் சிரிக்கவில்லை, அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். ஆம், கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் அவர், "உங்க பேருல கிடங்குல ரெண்டு பெட்டி கிடக்கு. எங்க ஆளுங்க அதுமேல உக்காந்துதான் டீ குடிக்கிறாங்க. எடுத்துட்டுப் போயிடுறீங்களா?" என்றார்.

"தூக்கிட்டு வந்தது நீங்க. நீங்களே கொண்டாந்து வைங்க."

"வண்டி கிடையாதே."

"அப்ப டீ குடிக்கட்டும்."

அவர் இன்னொரு தாளையும் நீட்டினார். அதைப் பற்றிப் பேசியது உனக்குத் தேவையில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது, வயல்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்த இடத்தில், கண் அசந்துவிட்டது. தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை. மேஜை தெரிந்தது. எண்ணெய்த் துணி விரிப்பு, அதன் நீலக் கட்டங்கள். பாஸ்டியிலிருந்து ஆவி வந்தது. நீ உப்புக் குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே வைக்காமலே பேசிக்கொண்டிருந்தாய். "அண்ணா, நோஸ்கேயப் பிடிக்கப் போறாங்களாம்." நான் உன்னைப் பார்க்கவில்லை, பாஸ்டியைத்தான் பார்த்தேன். "தேடட்டும்." என் குரல்தான் அது.

நீ என்னிடம் வந்தாய். முதலில் என்னிடம்தான் வந்தாய்.

புதுக் கிரிஸ்டல் இத்துடன். இது 7,120. அடிலெய்டில் அவர்களுடைய கருவியிலேயே வைத்துப் பார்த்துவிட்டேன், கால்டர் சீட்டில் எண்ணை எழுதியிருக்கிறார். கூட்டம் இருக்கத்தான் செய்யும். சத்தமாகப் பேசு.

கார்னெட்


ராக்ஸ்பர்க் தீவு
14 நவம்பர் 1954

அண்ணா,

அக்டோபர் படகு இரண்டும் வரவில்லை, கடல் அப்படி. உன் கடிதமும் துறையின் கடிதமும் ஒரே பையில் வந்தன. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். லைசென்ஸ் இருக்கிறது. துறையின் கடிதத்தை ஒருமுறை படித்தேன். உன்னுடையதை எத்தனை முறை என்று ஹெக்டரைக் கேட்காதே.

புதன்கிழமை பிரேயிடம் போகும் வழியில் தபாலாபீஸ் வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். மறுபடி வீட்டுக்கு வந்து உன்னிடம் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீ மறுபடியும் அதையே சொல்லிவிடுவாயோ என்று பயம். இதுவும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

மட்டன் பறவைகள் என்று இங்கே சொல்லும் கடற்பறவைகள் திரும்பிவிட்டன. மாலையானால் கடல் பக்கம் வானம் இருண்டு, ஆயிரக்கணக்கில் வந்து வளைகளுக்குள் விழுகின்றன. அதற்கு முன்னால்தான் நாம் பேசும் நேரம். நாம் என்று எழுதிவிட்டேன், நான் பேசும் நேரம்.

போன ஞாயிறு புதுக் கிரிஸ்டலில் பேசினேன். நல்லவேளையாக ஹோபார்ட்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பத்து நிமிடம் சொல்லிவிட்டுக் காது கொடுத்தேன். வழக்கமான இரைச்சல். திடீரென்று இரைச்சல் விலகியது. நீ எழுதியது அப்படியே. அறைக்குள் யாரோ வந்துவிட்டார்கள். ரேடியோவின் முள் எழுந்து நின்றது. மூச்சு கேட்குமா என்று காத்திருந்தேன், அதுகூட இல்லை. ஒரு சின்ன உறுமல்கூட இல்லாத சுத்தமான அலை, வால்வு ஏந்தி நிறுத்திய வெறும் அமைதி. நான் எதையும் தொடவில்லை. ஹெக்டர் உள்ளே வந்து, "யாரு?" என்றார். விரலை வாயில் வைத்தேன். பதினொரு நிமிடம் அவரும் நானும் அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே கடலில் முதல் பறவைகள் கூடத் தொடங்கியிருந்தன. அப்புறம் இரைச்சல் திரும்ப வந்தது.

ஹெக்டர் கேட்டார், "ஒண்ணுமே பேசலையே, யாருன்னு எப்படித் தெரியும்?" இப்படி ஒரு சிணுங்கலும் இல்லாமல் வடிகட்டி வைக்கிறவர் யார் இருக்கிறார்கள் என்றேன்.

யாராக இருந்தாலும், வரும் ஞாயிறும் நாலரைக்கு நான் இருப்பேன்.

வென்னா


[அஞ்சலட்டை. ஒருபுறம் கையால் எழுதிய அழைப்புக் குறி, பென்ரோஸ், தென் ஆஸ்திரேலியா. மறுபுறம் பின்வருமாறு.]

பேசியதை உறுதி செய்யும் அட்டை

யாருக்கு: மொர்வெனா கில்பி, ராக்ஸ்பர்க் தீவு
நாள்: 5 டிசம்பர் 1954
நேரம்: மாலை 4.04 முதல் 4.51 வரை, எங்கள் மணி
அலைவரிசை: 7,120, சரிபார்த்தது
முறை: இருவழிப் பேச்சு
உன் அலை: தெளிவு முழுமை, வலிமை நன்று
என் கருவி: மூன்று வால்வு, புதிதாகக் கட்டியது
ஏரியல்: வீட்டுக் கூரையிலிருந்து நோஸ்கேயின் கொட்டகைக்கு, அவர் சம்மதத்தோடு

குறிப்பு: நவம்பர் 7-ஆம் தேதி மைக் கம்பி கழன்றிருந்தது. வேறு காரணம் இல்லை. இந்த ஞாயிறு 4.06 முதல் 4.09 வரை நீ அழுதபோது குரல் அளவு மீறி அலை கிழிந்தது. அடுத்த வாரம் மைக்கை இரண்டு அங்குலம் தள்ளிப் பிடி.

கார்னெட்